பதினொரு மாதச் சர்வீஸ்

ஐந்து மாதத்தில் ஆறு தடவை பேச்சுவார்த்தை நடந்துவிட்டது. ஒரு தடவைகூட நிர்வாகம் முடியாது என்று சொல்லவில்லை. அன்புசெல்விக்கு அதுதான் தாங்கவில்லை.

"நியாயமான கோரிக்கைதானுங்க மேடம். பண்ணிக்கலாமுங்க. மேல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லிப்போடறனுங்க" என்பார் சிவராஜ். பல்கலைக்கழகத்தின் எச்.ஆர். மேனேஜர் அவர். சிரித்த முகம். ஏசி அறையில் டீ வரும், முந்திரி பிஸ்கட் வரும். இரண்டு நாள் கழித்துக் கூட்டக் குறிப்பு வரும். அதில் 'விவாதிக்கப்பட்டது' என்ற சொல்லைத் தவிர உருப்படியாக ஒன்றும் இருக்காது.

பல்லடம் சாலையில் நூற்பாலை முதலாளிகள் சிலர் சேர்ந்து கட்டிய தனியார் பல்கலைக்கழகம் அது. மூன்று மாடி நூலகம். அங்கே பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். கவுன்டரில் புத்தகம் கொடுப்பது, திரும்பி வந்ததை அலமாரியில் அடுக்குவது, பழைய இதழ்களைக் கட்டி வைப்பது, ஆய்வேடுகளை ஸ்கேன் செய்வது எல்லாம் அவர்கள்தான். ஆனால் ஒருவர்கூடப் பல்கலைக்கழகத்தின் ஆள் இல்லை. ராஜவேல் என்பவர் நடத்திய மேன்பவர் ஏஜென்சியின் ஆட்கள். அவருடைய காகிதத்தில் பன்னிரண்டு பேருக்கும் வேலை 'ஹவுஸ்கீப்பிங்'.

அதைவிட மோசம் பதினொரு மாதக் கணக்கு. பதினோராவது மாதம் முடிந்ததும் அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள். இரண்டு நாள் பிரேக். மூன்றாம் நாள் புதிதாகச் சேர்ந்ததுபோல் இன்னொரு தாளில் கையெழுத்து. அன்புசெல்வி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் நூலக அறிவியல் படித்துவிட்டு வந்தவள். மேல்மாடியில் புத்தகம் அடுக்கும் சென்னியப்பனுக்குப் பதினாலு வருஷம். காகிதத்தில் இரண்டு பேருமே ஒரு வருஷத்தைத் தாண்டாதவர்கள்.

போன ஆடி மாதம்தான் பொறுமை போனது. இதழ்கள் கட்டும் மயிலாத்தாளுக்குப் பிரேக் நாள். ஆனாலும் வேலை குவிந்து கிடக்கிறதென்று வரச் சொன்னார்கள். வருகைப் பதிவில் மட்டும் கையெழுத்து வாங்கவில்லை. அவள் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இவள் பெயர் நீக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால், அன்றைக்கு அந்த அம்மா வேலைக்கே வரவில்லையே என்றார்கள்.

"நான் வரலையாமா கண்ணு" என்று மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு மயிலாத்தாள் கேட்டாள். "அப்ப ஏணியிலிருந்து உழுந்தது யாரு?"

அந்த வாரமே அன்புசெல்வி திருப்பூர் ராயபுரத்தில் இருக்கும் பனியன் தொழிலாளர் சங்க அலுவலகத்துக்குப் போனாள். கூலி ஒப்பந்தம் பேசிப் பழகிய சங்கம். நூலகத்துக்காரர்கள் வந்தது அவர்களுக்கே புதிது. பன்னிரண்டு பேரும் உறுப்பினர் ஆனார்கள். அன்புசெல்வி செயலாளர். பதினாலு கோரிக்கைகளோடு மனுக் கொடுத்தார்கள். ஆறாவது பேச்சுவார்த்தைக்குள் பதினாலு மூன்றாகிவிட்டது. பிரேக் கூடாது. ஹவுஸ்கீப்பிங் என்று எழுதாமல் நூலக உதவியாளர் என்று எழுத வேண்டும். பல்கலைக்கழகமே நேரடியாக வேலை ஆணை தர வேண்டும்.

ஆறாவது கூட்டத்தில் இந்த மூன்றையும் தொடவே இல்லை. கோரிக்கை மனுவின் முதல் வரியிலேயே சிவராஜ் நின்றுகொண்டார்.

"'நூலகப் பணியாளர்கள்'னு போட்டிருக்கறீங்க. அது வேண்டாமுங்க மேடம். 'நூலக வளாகத்தில் பணிபுரியும் நபர்கள்'னு போட்டுக்கலாமுங்க."

"ரெண்டுக்கும் என்னங்க சார் வித்தியாசம்?"

"ஒண்ணுமில்லீங்க. ஒரு வார்த்தைதானுங்க."

"ஒண்ணுமில்லைன்னா நாங்க எழுதினதே இருக்கட்டுமுங்க."

"அப்படி இல்லீங்க. லீகல்ல கேப்பாங்க."

ஒன்றேகால் மணி நேரம் அந்த ஒரு வார்த்தையில் போனது. அன்புசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராபின் பேனாவை மூடி மூடித் திறந்தான். நூலகத்தின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் பையன் அவன். இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி மூன்று மாதம். "நாங்க பணியாளர்களே இல்லையாங்க சார், வெறும் நபர்தானா?" என்று கடைசியில் வெடித்தான்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. பிஸ்கட் எடுத்துக்கங்க" என்றார் சிவராஜ்.

வெளியே வந்ததும் அன்புசெல்வி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றாள். திட்டினால் திருப்பித் திட்டலாம். கும்பிட்டுக் கும்பிட்டுக் கதவைச் சாத்துகிறவரை என்ன செய்வது? மறுநாள் தொழில் தகராறு என்று தொழிலாளர் துறைக்குத் தாவா மனு எழுதிவிட்டாள்.

சமரசப் பேச்சு அலுவலராக ராக்கம்மாள் என்ற அம்மா இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். மேசை நிறையக் கோப்புகள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். முதல் நாள் ஏஜென்சி ராஜவேலும் வந்திருந்தார். சாய ஆலைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் ஆள் அனுப்புகிறவர். உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் மூன்று போன், அதில் இரண்டு இந்தியில்.

"நான் ஆளு அனுப்பறதோட செரிங்க. உள்ள என்ன வேலை, எப்ப பிரேக்கு, எல்லாம் காலேஜ்காரங்க சொல்றதுதானுங்க" என்றார் அவர்.

"இவங்க எங்க ஆளுக இல்லீங்க மேடம். ஏஜென்சியோட ஆளுக. பிரேக்கு அவங்க பாலிசிங்க" என்றார் சிவராஜ்.

ராக்கம்மாள் கண்ணாடியை ஏற்றினார். "அப்ப இந்தப் பன்னெண்டு பேருக்கும் முதலாளி யாருய்யா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேதி தள்ளிப்போனது.

நான்கு நாள் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ராபின் அன்புசெல்வியைக் கம்ப்யூட்டர் பக்கம் கூப்பிட்டான்.

"இதைப் பாருங்க்கா."

பல்கலைக்கழகத்துக்குக் கிரேடு போடும் தர மதிப்பீட்டுக் குழு அடுத்த மாதம் பார்க்க வருவதாக இருந்தது. அதற்காகத் தயாரித்த நீளமான அறிக்கையை இணையதளத்தில் ஏற்றியிருந்தார்கள். எண்பத்தாறாம் பக்கம் நூலகம். 'பல்கலைக்கழகத்தின் நிரந்தர நூலகப் பணியாளர்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு பட்டியல். பன்னிரண்டு பெயர்களும் அதில் இருந்தன. மயிலாத்தாளுக்கு நூலகச் சான்றிதழ் படிப்பு. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய சென்னியப்பனுக்கு நூலக அறிவியலில் பட்டம். அனுபவம் பதினாலு வருஷம்.

அன்புசெல்வி தன் பெயரைத் தேடவில்லை. பக்கத்தின் அடியைப் பார்த்தாள். கையெழுத்து சித்ராதேவி, நூலகர்.

சித்ராதேவி மேடம் நல்லவர். இந்த வேலைக்கு அன்புசெல்வியைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான். மயிலாத்தாள் விழுந்த அன்றைக்குத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான். அன்று நாலு மணிக்கு அன்புசெல்வி அவர் அறைக்குப் போனாள். அறிக்கையை ராக்கம்மாளிடம் கொடுக்கப்போகிறேன், உங்கள் கையெழுத்து இருக்கிறது என்று சொல்லத்தான் போனாள்.

"வா அன்பு. என்ன விஷயம்?"

மேசையில் பாதி சாப்பிட்ட கொய்யாப்பழம் இருந்தது. அன்புசெல்வி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னால் அவர் நிர்வாகத்துக்குப் போன் செய்து கேட்பார். ஐந்து நிமிஷத்தில் அந்தப் பக்கம் காணாமல் போகும்.

"பைண்டிங்குக்கு ரெக்சின் தீந்துபோச்சுங்க மேடம். இண்டென்ட் போடோணும்" என்றாள்.

"போட்டுரு" என்று சித்ராதேவி இண்டென்ட் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டாவது சமரசக் கூட்டத்தில் அன்புசெல்வி எண்பத்தாறாம் பக்கத்தை மேசையில் வைத்தாள். ராக்கம்மாள் இரண்டு முறை படித்தார். பிறகு சிவராஜ் பக்கம் நகர்த்தினார்.

"கிளரிக்கல் மிஸ்டேக்குங்க மேடம்" என்றார் சிவராஜ். முதல் தடவையாக முகத்தில் சிரிப்பு இல்லை.

"பன்னெண்டு பேரையும் பேரோட, படிப்போட எழுதுறது மிஸ்டேக்காய்யா? இது உண்மைன்னா, போன தடவை எங்கிட்டச் சொன்னது பொய்யி. அது உண்மைன்னா, இது பொய்யி. எதுன்னு எழுத்துல கொடுத்திருங்க. நான் ஃபைல்ல சேத்துக்கிடுதேன்."

சிவராஜ் வெளியே போய் இருபது நிமிஷம் போன் பேசினார். ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அன்று சாயங்காலமே இணையதளத்தில் அந்தப் பக்கம் இல்லை. எண்பத்தைந்துக்குப் பிறகு எண்பத்தேழு வந்தது. மறுநாள் சித்ராதேவிக்கு மெமோ வந்தது. தவறான தகவலில் கையெழுத்திட்டது ஏன்?

அன்புசெல்வி அவர் அறைக்கு ஓடினாள். சித்ராதேவி மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமலே பேசினார்.

"பட்டியல் ஆபீஸ்ல இருந்து வந்துச்சு. கையெழுத்து மட்டும்தான் என்னது. அது உனக்கே தெரியும்."

"தெரியுமுங்க மேடம்."

"அன்னைக்கு வந்து ரெக்சினுக்குக் கையெழுத்து வாங்கிட்டுப் போனியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களாங்க?"

சித்ராதேவி மெமோவை மடித்து மேசையில் வைத்தார். "விட்டிருக்க மாட்டேன்" என்றார். "ஆனா சொல்லியிருக்கலாம். போ, கவுன்டர்ல ஆள் நிக்குது."

ஒரு வாரம் கழித்து நிர்வாகம் ஒரு திட்டம் அனுப்பியது. நூலகப் படிப்பு முடித்த ஏழு பேருக்குப் பல்கலைக்கழகமே நேரடி வேலை ஆணை தரும். படிப்பில்லாத ஐந்து பேர் பழையபடி ஏஜென்சியில் தொடர்வார்கள். அந்த ஐந்து பேரில் சென்னியப்பனும் மயிலாத்தாளும் இருந்தார்கள். ஏழு பேரில் ராபின் இருந்தான், அன்புசெல்வியும் இருந்தாள்.

வேலை முடிந்து பன்னிரண்டு பேரும் பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் கூடினார்கள். உட்கார இடம் போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். பஸ்காரர்களின் ஏர் ஹாரன் சத்தத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சென்னியப்பன் தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். "ரிப்போர்ட்டுல என்னைய டிகிரி படிக்க வெச்சாங்க. வேலைன்னு வந்தா எட்டாங்கிளாசுங்கறாங்க. செரி" என்று மடித்துக் கொடுத்தார்.

ராபின்தான் வாயைத் திறந்தான். "தப்பா நினைக்காதீங்ணா. முதல்ல ஏழு பேரு உள்ள போயிட்டா, மீதி அஞ்சு பேருக்காக உள்ளயிருந்தே பேசலாமில்லீங்க. எனக்கு ஒரு ஆர்டர் வேணும். ஊடு வாடகைக்குக் கேட்டாக்கூட எங்க வேலை, லெட்டர் எங்கன்னு கேக்கறாங்க. ஹவுஸ்கீப்பிங்னு எப்படிக் காட்டறது? படிச்சிட்டுத்தானுங்க வந்தேன்."

"உள்ள போனவன் எவன் திரும்பிப் பாத்திருக்கறான்?" என்றாள் மயிலாத்தாள்.

"நான் பாப்பனுங்க."

"நீ பாப்பே கண்ணு. உன்னைய விடோணுமே."

எல்லோரும் அன்புசெல்வியைப் பார்த்தார்கள். அவள் சென்னியப்பனிடம், "நீங்க என்னுங்ணா சொல்றீங்க?" என்று கேட்டாள்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "கையெழுத்துப் போடறதுன்னா போட்டுக்கங்க அம்முணி. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா போட்டுட்டு எங்கிட்ட வந்து, செரிதானுங்களேன்னு மட்டும் கேக்காதீங்க. செரின்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார் என்று தான் எதிர்பார்த்தது அப்போதுதான் அன்புசெல்விக்கே புரிந்தது. வெட்கமாக இருந்தது. ஒன்பது வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தாள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை நினைத்து ஒரு நிமிஷம் ஆசைப்பட்டாள். பிறகு, "பன்னெண்டு பேருக்கும் எது கிடைக்குதோ அதுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். வேண்டாம்னா வேற செயலாளரைப் போட்டுக்கங்க" என்றாள்.

ராபின் தன் டீக்கு மட்டும் காசு வைத்துவிட்டு எழுந்து போனான். சங்கத்தை விட்டு விலகவில்லை. ஆனால் அன்றிலிருந்து கவுன்டரில் அவளோடு வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை.

கடைசிக் கூட்டத்துக்கு அன்புசெல்வியோடு மயிலாத்தாளும் வந்தாள். குழு வருவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. சிவராஜ் இந்தத் தடவை வக்கீலோடு வந்தார். புதிய தாள் ஒன்றைக் கொடுத்தார். பன்னிரண்டு பேருக்கும் இனிப் பிரேக் கிடையாது. அடையாள அட்டையில் நூலக உதவியாளர் என்று இருக்கும். இ.எஸ்.ஐ. தொடர்ந்து இருக்கும். ஆனால் ஏஜென்சி ஏஜென்சியாகவே இருக்கும். தொடர்ச்சியான சர்வீஸ் கையெழுத்தாகும் தேதியிலிருந்து கணக்கிடப்படும்.

"முன்னாடி செஞ்சது?" என்று கேட்டாள் அன்புசெல்வி.

"அதுதான் கையெழுத்தாகும் தேதியிலிருந்துன்னு இருக்குதுங்களே மேடம்."

"சென்னியப்பண்ணன் பதினாலு வருஷம் செஞ்சிருக்காருங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டையர்டு. அஞ்சு வருஷம் தொடர்ச்சியா இருந்தாத்தான் பணிக்கொடை. அவருக்கு இதுல என்ன இருக்குதுங்க?"

"அவரு பேருலயும் நூலக உதவியாளர்னு வருமுங்க."

"அட்டையை வெச்சு என்னுங்க பண்றது!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து ஒரு கிளார்க் எட்டிப் பார்த்தார். "நாங்க வேலை செஞ்ச வருஷத்தை வேலை செஞ்சதுன்னு எழுதச் சொல்றோம். உங்க ரிப்போர்ட்டுலயே பதினாலு வருஷம் அனுபவம்னு நீங்கதான எழுதினீங்க?"

"அந்த ரிப்போர்ட் வாபஸ் வாங்கியாச்சுங்க" என்றார் வக்கீல்.

மூன்று மணி நேரம் அந்த ஒரு வரியில் போனது. பத்து வருஷமாவது சேர்க்கச் சொன்னாள். பிறகு ஐந்து. பிறகு மூன்றுக்கு இறங்கினாள்; சென்னியப்பனுக்கு மீதி இருக்கும் இரண்டோடு சேர்த்தால் ஐந்து வந்துவிடும். இதை வக்கீலும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அதுக்கு மேல கேக்கோணுமுங்க" என்றார் சிவராஜ். மேலே கேட்டுவிட்டு வந்து, தலையை ஆட்டினார். ஆறு மாதத்தில் அவரிடமிருந்து வந்த முதல் 'முடியாது' அதுதான்.

ராக்கம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அம்மா, இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நீ கையெழுத்துப் போடலைன்னா நான் தோல்வின்னு அறிக்கை அனுப்பிருவேன். அப்புறம் கோர்ட்டு. அங்க எத்தனை வருஷம் ஆகும்னு நான் சொல்ல முடியாது. குழு வந்துட்டுப் போயிட்டா இவங்க இந்தத் தாளையும் தர மாட்டாங்க. அதையும் யோசிச்சுக்கோ."

அன்புசெல்வி மயிலாத்தாளைப் பார்த்தாள். மயிலாத்தாள் சரியாகக் கூடாத மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போடு கண்ணு" என்றாள். "அடுத்தவ உழுந்தாலாவது ஆஸ்பத்திரியில பேரு இருக்கட்டும்."

"பழைய சர்வீஸ் பத்தித் தனியா வழக்குப் போடறதுக்கு இந்த ஒப்பந்தம் தடையில்லைன்னு ஒரு வரி சேத்துங்க" என்றாள் அன்புசெல்வி. வக்கீல் மறுத்தார். ராக்கம்மாள் அரை மணி நேரம் விடாமல் பேசிய பிறகு ஒத்துக்கொண்டார். அந்த ஒரு வரி மட்டும்தான் அன்று அவள் கேட்டுக் கிடைத்தது. அன்புசெல்வி நான்கு பிரதிகளில் கையெழுத்துப் போட்டாள். பேனா கனமாக இருந்ததாகவெல்லாம் தோன்றவில்லை. களைப்பாக மட்டும் இருந்தது.

மறுநாள் காலையில் செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ராபின், "பிரேக்கு போனது பெரிய விஷயந்தாங்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். சித்ராதேவி சோமனூரில் இருக்கும் கிளை வளாகத்துக்கு மாற்றப்பட்டதாக அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. அவர் அறை பூட்டிக் கிடந்தது. சொல்லிவிட்டுப் போகக்கூட அவர் வரவில்லை.

அன்புசெல்வி மூன்றாம் மாடிக்கு ஏறினாள். சென்னியப்பன் தள்ளுவண்டியிலிருந்து புத்தகங்களை எடுத்து எண் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்றது தெரிந்தும் அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"என்னோட வருஷம் எதுவும் வரலையாமா?"

"வரலீங்ணா. மூணு வருஷத்துக்குக் கேட்டுப் பாத்தேன். ஒத்துக்கலை."

"ம்." ஒரு தடித்த புத்தகத்தைக் கையில் எடுத்து முதுகைத் துடைத்தார். "பதினாலு வருஷமா இந்த மாடியிலதான் நின்னேன். நான் இங்க இல்லவே இல்லைங்கறாங்க. அப்ப நான் எங்கதான் அம்முணி இருந்தேன்?"

செரிதானுங்களே என்று அவள் கேட்கவில்லை.

"வழக்குப் போடலாம்னு ஒரு வரி வாங்கியிருக்கறனுங்க. இன்னைக்கு ராயபுரம் போறேன். நீங்களும் வரோணும். உங்க கையெழுத்து வேணும்."

"கோர்ட்டுல தீர்ப்பு வர்றதுக்குள்ள நான் இருப்பனோ என்னமோ."

"இருந்தாலும் இல்லைன்னாலும் போடோணுமுங்ணா."

சென்னியப்பன் புத்தகத்தை அதன் இடத்தில் செருகினார். வருவதாகவும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கீழே கவுன்டர் மணியை யாரோ இரண்டு தடவை அடித்தார்கள். அவள் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அன்புசெல்வி பஸ் நிறுத்தத்தில் நின்றாள். திருப்பூர் பஸ்கள் இரண்டு நிற்காமல் போயின. மூன்றாவது வந்தபோது படியில் தொங்கும் அளவுக்குக் கூட்டம். அவள் முன்வாசலில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பின்வாசல் படியில், தூக்குவாளியும் கையுமாகச் சென்னியப்பன் ஏறிக்கொண்டிருந்தார். அவள் பக்கம் அவர் பார்க்கவில்லை. "ராயபுரம் ஒண்ணு" என்று கண்டக்டரிடம் தன் ஒருவருக்கு மட்டும் டிக்கெட் கேட்டார்.